‘ஊட்ட மாடி’ கேட்டுப் படியேறும் அக்கா: பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
வ. கோவிந்தன்,
ஜோகுபாளையம், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட அதிகாரி அவர்கள்,
மூத்த குடிமக்கள் நலப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கவும், என் தமக்கை திருமதி அலர்மேல்மங்கையை நாற்காலியில் கட்டிவைப்பதை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்கு மறதி நோய். ஒரு காலத்தில் அவர் கன்னடத்தில் பேரம் பேசினால் காய்கறிக்காரர் கொசுறும் போட்டுக் கும்பிடும் போடுவார். அந்தக் கன்னடத்தை நோய் துடைத்துக்கொண்டு போய்விட்டது. தமிழ் மட்டுமே மிச்சம். அவரைப் பற்றி எழுதுவதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதால் இம்மனுவைத் தமிழில் எழுதியுள்ளேன். கன்னடப் பிரதி இணைத்துள்ளேன்.

2. நான் காக்ஸ் டவுன் பள்ளி ஒன்றில் அலுவலக வேலைக்குப் போகிறவன். பகலில் அக்காவைக் கவனிக்க ஒரு நிறுவனத்திடம் ஆள் கேட்டேன். மமதா என்ற பெண்ணை அனுப்பினார்கள். தங்கமான பெண். தமிழும் தெரியும், ஆனால் வேலைக்குப் போகும் வீடுகளில் கன்னடமே பேசிப் பழகியவள். பிபி பார்க்கவும் டயப்பர் மாற்றவும் சொல்லிக்கொடுத்தவர்கள், மறதி நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. ஆள்தானே கேட்டீர்கள், ஆள் வந்துவிட்டதே என்பது அவர்கள் நியாயம்.

3. மமதா சாப்பாட்டுத் தட்டை அக்கா கையில் கொடுத்து, மரியாதையாக “ஊட்ட மாடி” என்பாள். கன்னடத்தில் ‘சாப்பிடுங்கள்’ என்று பொருள். அக்கா உடனே தட்டோடு எழுந்து மாடிப்படிக்கு நடப்பார். தடுத்தால் அழுவார். நிறுவனத்தின் மேற்பார்வையாளர், நோயாளி அலைகிறார், துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டுங்கள் என்று போனில் கட்டளையிட்டார். மமதா கட்டினாள். கட்டிவிட்டு அவளும் அழுதாள்.

4. இரண்டு மொழியும் புழங்கும் காதுக்கு இது சட்டென்று பிடிபடாது. நான் விடுப்பில் இருந்த ஒரு மதியம்தான் புரிந்தது. என் அத்தான் வெங்கடகிருஷ்ணன் வாதத்தில் விழுந்து, ஒடுக்கமான படியில் இறக்க வழியின்றி, கடைசிவரை மாடி அறையிலேயே கிடந்தவர். வேளை தவறாமல் தட்டோடு ஏறி அவருக்குச் சோறு ஊட்டியவர் என் அக்கா. ஊட்ட. மாடி. அத்தான் மேலே பசியோடு இருக்கிறார் என்று நாங்களே வேளைக்கு வேளை சொல்லிவிட்டு, போகிறவரைக் கட்டியும் வைத்திருக்கிறோம் ஐயா.

5. விஷயத்தைச் சொன்னதும் மமதா, “ஐயோ அண்ணா, நானே ஏத்தி வுட்டுட்டு இருந்தேனா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் “சாப்பிடுங்கக்கா” என்றாள். அக்கா உட்கார்ந்து சாப்பிட்டார், “நீ துன்னியாம்மா?” என்று அவளையும் விசாரித்தார். கட்டு அவிழ்ந்தது. ஆனால் கட்டு இல்லாததைப் பார்த்த மேற்பார்வையாளர், சொல் மீறியதாக மமதாவை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார். இப்போது வாரத்துக்கு ஒருவர் வருகிறார். எடுத்துச் சொன்னால் “ஆபீஸ்ல கேளுங்க சார்” என்கிறார்கள். கட்டு திரும்பி வந்துவிட்டது.

6. பணியாளர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. எய்தவர் இருக்க அம்பை நோவானேன்? நோயாளிக்கு எந்த மொழி மிஞ்சியிருக்கிறது, யாரைத் தேடுகிறார் என்று வீட்டாரிடம் கேட்டறியவும், அந்த மொழியில் நாலு வார்த்தை பேசவும், கட்டாமல் கவனிக்கவும் பயிற்சி கொடுத்த பிறகே வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட வேண்டுகிறேன். மமதாவைத் திரும்ப அனுப்பச் செய்யவும் வேண்டுகிறேன்.

7. நேற்று நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டை என்னிடம் நீட்டி, “நீயாவது எடுத்துனு போடா, அவருக்கு ஆறிடப்போவுது” என்றார். மறுக்க மனம் வரவில்லை. ஏறிப்போய் அந்தக் காலி அறையில் சற்று நேரம் தட்டோடு நின்றேன். இறங்கி வந்து, அத்தான் சாப்பிட்டுவிட்டார் என்றேன். அதன் பிறகுதான் அக்கா ஒரு வாய் வாங்கினார். பகலில் இதைச் சொல்ல நான் வீட்டில் இருப்பதில்லை. சொல்லத் தெரிந்த ஒருவரைத் தாங்கள்தான் அனுப்பிவைக்க வேண்டும்.

இடம்: ஜோகுபாளையம்
நாள்: 18.06.2024

அக்காவுக்காகத் தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
வ. கோவிந்தன்