ஜன்னலோரத்து இடம்

தம்பிக்கு,

இன்று காலை பத்து மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, உன் ஆர்கிட் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து அகற்றுவதென்று நான் ஒருமனதாகத் தீர்மானித்தேன்.

வெளியூர் கிளம்பும்முன் எனக்காக நீ ஒட்டிவைத்த இரண்டு பக்கக் குறிப்பைப் படித்தேன். வாரம் ஒருமுறை தண்ணீர், ஈரத்துணியால் இலை துடைப்பது, காலை வெயில். கடைசியில், "அப்பா மாத்திரை டப்பாவில்."

அந்த வெயிலுக்காக அப்பாவின் கட்டிலை இருட்டு நடைவழிக்குத் தள்ளியிருக்கிறாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். "விடும்மா, அது பூக்கிற நேரமாம். நான் எங்க பூக்கப்போறேன்" என்றார்.

போனில் சொன்னதும், "ஐயோ அக்கா, இடம் மாத்தினா மொட்டு கொட்டிடும்" என்று பதறினாய். அவருக்கு நெஞ்சில் சளி கட்டியபோது இந்தப் பதற்றத்தை எங்கே வைத்திருந்தாய்?

கட்டிலை நானே ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் அக்கா

பி.கு.: மூன்று மொட்டுகள் உதிர்ந்தன. அப்பா வெயிலில் போர்வையை விலக்கிவிட்டுத் தூங்குகிறார்.