யூனிக்ஸ் ஏறாத கணினி

அண்ணி,

இன்று மதியம் நம் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றைத் தாண்டும்போது, ஈயப்பற்று வைக்கும் வாசனை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். எண்பதுகளின் நடுவில், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் புதுக் கணினி நினைவுக்கு வந்தது.

நீங்கள் பதினேழு வருடம் தட்டச்சு செய்த அலுவலகத்துக்கு, யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருளில் ஓடும் கணினிகள் வருவதாக இருந்தது. மூன்று மாதத்தில் பழகிக்கொள்பவர்களுக்குத்தான் வேலை. நீங்கள் வீட்டிலேயே பழக அண்ணன் ஒரு கணினி வாங்கி வந்தார். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்த நான், "ஒரே ஞாயித்துக்கிழமையில யூனிக்ஸை ஏத்திடலாம் அண்ணி" என்றேன்.

ஞாயிறுகள் பல போயின. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்காருவோம். யூனிக்ஸ் இருந்த ஃப்ளாப்பி டிஸ்குகளை ஒவ்வொன்றாகச் செருகுவீர்கள். பாதியில் திரை அப்படியே நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், டிரைவை மாற்றினேன். டாஸ் என்ற பழைய இயக்க மென்பொருள் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. அதனால் இயந்திரத்தில் குறையில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நிக்குது தம்பி. போன வாரம் அஞ்சாவது டிஸ்க், இன்னிக்கு மூணாவது. சூடாயிட்டா சீக்கிரமே நின்னுடுது லா."

"நீங்கதான் எதையாச்சும் தப்பா அமுக்கியிருப்பீங்க."

எரிச்சலில் சொன்னேன். நீங்கள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறு கணினியைத் துணி போட்டு மூடியிருந்தீர்கள். வேலை போயிற்று. ஜூரோங்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளை மடிக்கப் போனீர்கள்.

அண்ணன் கணினியை என்னிடமே தந்துவிட்டார். சில மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கூடுதல் மெமரி அட்டையில் ஒரே ஒரு சிப், சூடானால் தப்பாக வேலை செய்தது. டாஸ் அந்த மெமரியைத் தொடுவதேயில்லை, யூனிக்ஸ் தொட்டது. சிப்பை மாற்றினேன். எல்லா டிஸ்கும் ஒரே மூச்சில் ஏறின. நீங்கள் சரியாகத்தான் கவனித்திருந்தீர்கள்.

சொல்லிவிடலாம் என்று உடனே ஃபோன் எடுத்தேன். "என்ன தம்பி, சாப்டியா?" என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

"எனக்குக் கம்ப்யூட்டர் கைவராது லா" என்று அதன் பிறகு எல்லாரிடமும் சிரித்தபடி சொன்னீர்கள். வங்கி இயந்திரத்தின் முன்னால்கூட மகளை அழுத்தச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பீர்கள். பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன், பல முறை. ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போன மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மெஷின்னாலே பயம், இல்ல சித்தப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.