ஏழு மணிக்குள் தண்ணீர்

இன்று காலை கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது.' எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் நான் போட்ட மனு அது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பத்தில் விளக்கே இல்லை, கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதுவும் ஒரு நடவடிக்கைதான். முப்பது வருடம் அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்று, திண்டுக்கல்லில் வீட்டோடு இருப்பவள் இதற்கெல்லாம் கோபப்பட முடியாது. நானே இப்படி எத்தனை மனுக்களை முடித்திருப்பேன்! சிரிப்பு வந்தது. அதன் பிறகு உங்கள் ஞாபகம் வந்தது.

நீங்கள் மறைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களுக்கு எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஒன்றிய அலுவலகத்தில் நான் பி.டி.ஓ.வாகவும் நீங்கள் மனுக்கள் பிரிவில் உதவியாளராகவும் இருந்த நான்கு வருடத்தில் உங்களுக்கு நிறைய எழுதியிருக்கிறேன், எல்லாம் அலுவலகத் தமிழில். அவற்றில் ஒரு மெமோவைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மனு வரும். சம்பந்தப்பட்டவரிடம் அறிக்கை கேட்போம். அறிக்கை வந்ததும் கணினியில் 'முடிக்கப்பட்டது' என்று ஒரு தட்டு. மற்ற பிரிவுகளில் அவ்வளவுதான் வேலை. நீங்கள் மட்டும் தட்டுவதற்கு முன் மனு கொடுத்தவருக்குச் சொந்தக் கைப்பேசியில் போன் போடுவீர்கள். "அய்யா, யூனியன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க வேல ஆச்சா?" என்று கேட்பீர்கள். ஆகவில்லை என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட அறிக்கை வந்திருந்தாலும் அந்த மனு உங்கள் மேசையிலேயே கிடக்கும். அலுவலகத்தில் உங்களுக்கு 'ஆச்சா பாய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் காதில் விழும்படியே சொல்வார்கள். நீங்களும் சிரிப்பீர்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் நிலுவை மனுக்களின் பட்டியலைத் திரையில் போடுவார்கள். மாதம் தவறாமல் நம் ஒன்றியம்தான் முதலிடம். ஒரு கூட்டத்தில், ஒரு ஊரின் குடிநீர் மனு மாதக்கணக்கில் கிடப்பதற்கு எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டார்கள். திரும்பி வந்த சூட்டில் உங்களைக் கூப்பிட்டேன்.

"அந்தத் தண்ணி மனுவ ஏன் பாய் இன்னும் முடிக்கல? தினமும் தண்ணி விடுறோம்னு அறிக்கை வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு மேடம். ஆனா போன் போட்டா தண்ணியே கெடைக்கலங்கிறாக."

"ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"ரெண்டு பேரு குரலும் பொய் சொல்ற மாதிரி இல்ல மேடம். அதான் முடிக்க மாட்டாம வச்சிருக்கேன்."

அன்று மாலையே மெமோ கொடுத்தேன். 'பணியில் மெத்தனம்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டேன். நகல் மாவட்ட அலுவலகத்துக்கு உடனே போனது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "பதில் எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஊருக்கு ஒரு தடவ போய்ட்டு வருவோம் மேடம். வெள்ளனத்துல போகணும்" என்றீர்கள்.

போனோம். ஜீப் ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் எல்லாத் தெருக்குழாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் ஒரு ஆள் கிடையாது. தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனது. தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் மட்டும் ஒரு பச்சைக் குடத்தோடு வந்தார். குழாய்க்கடியில் குடத்தை வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார், குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனார். அந்தப் பச்சைக் குடத்தை நான் தினமும் படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே குடத்தையா வைத்திருப்பார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

ஜனங்கள் எங்கே என்று கேட்டேன். கைநீட்டிக் காட்டினார். ஊருக்கு வெளியே மல்லிகைத் தோட்டங்களில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் ஒரு மைல் தள்ளி இருக்கிற தோட்டத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்க வேண்டும்.

மனுப் போட்ட பெண்ணை வரப்பிலேயே பார்த்தோம். மடியில் பூவோடு நின்றபடி பேசினார். "தண்ணி வருதும்மா, வரலைன்னு சொன்னா சாமி கண்ணக் குத்திரும். நாங்க வீட்ல இருக்கையில வரமாட்டேங்குது. அம்புட்டுத்தேன்."

ஆபரேட்டரை அதட்டினேன். "ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டா என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஏழு மணிக்குள்ள போட்டோ ஏத்தணும்னு ஆபீஸ் உத்தரவுங்க மேடம்."

அந்த உத்தரவு என்னுடையது. தண்ணீர் வருகிறதா என்று தினமும் படத்தோடு தெரிந்துகொள்ள நான் கண்டுபிடித்த வழி. ஆய்வுக் கூட்டத்தில் அதற்குப் பாராட்டுக்கூட வாங்கியிருந்தேன். உங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஜீப்பில் திரும்பும்போது ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்து, "சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன் மேடம்" என்றீர்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மெமோ கொடுத்ததைவிட அந்த டீயைக் குடித்ததுதான் கஷ்டமாக இருந்தது.

உத்தரவை மாற்றினேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களிடமே கேட்கச் சொன்னேன். அந்த ஊரில் ஒன்பதரை என்றார்கள். ஒரு வாரம் கழித்து நீங்கள் போன் போட்டுக் கேட்டு, ஆச்சு என்று பதில் வாங்கி, அந்த மனுவை முடித்தீர்கள். அன்றைக்கே உங்கள் மெமோவைக் கைவிடும் உத்தரவையும் தயார் செய்தேன். உங்களுக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. தபால் பிரிவு ஆள் அன்று லீவு. அலுவலகப் பிரதியின் ஓரத்தில் 'அனுப்பப்பட்டது' என்று நானே எழுதி, உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "போயிருச்சு பாய். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அடுத்த வாரம் எனக்கு இடமாற்றம் வந்தது.

இரண்டு வருடம் கழித்து வந்த பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. நான் வேறு ஊரில் இருந்து அதைப் பார்த்தேன். சீனியாரிட்டி எட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த பட்டியலிலும் இல்லை. அப்போது அந்தளவுகூட நினைக்கவில்லை. நீங்கள் கடைசிவரை உதவியாளர்தான்.

போன மாதம் உங்கள் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த ஒரு தாள் இருந்தது. "மேடம், மெமோ இன்னும் முடியாமத்தான் கெடக்குதாம். அதனாலதான் ப்ரமோஷன் வரலையாம். நீங்க முடிச்சு அனுப்பிட்டதா இவுக சொல்லிட்டே இருந்தாக."

தாளை வாங்கிப் படித்தேன். "அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"மொத லிஸ்டு வந்தப்பவே தெரியும். மேடத்துக்கு ஒரு போன் போடுங்கன்னு நானும் சொன்னேன். 'அனுப்பிட்டேன்னு அவுக கையாலயே எழுதியிருக்காக. நான் போய்க் கேட்டா அவுக பொய் சொன்ன மாதிரி ஆயிரும்'ன்னுட்டாக."

மறுநாளே பழைய அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பழைய கோப்புக்குள் இரண்டு உத்தரவும் குண்டூசி குத்தியபடி இருந்தன, எங்கேயும் போகாமல். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல பிள்ளை. "முடிச்சிடலாம் மேடம். ஆனா சாரே இல்லையே" என்றார். அவர்களுக்கான பிரதியை வாங்கிக்கொண்டார். உங்களுக்கான பிரதியைத் திருப்பித் தந்தார்.

அதை உங்கள் மனைவியிடம் கொண்டுபோய் நீட்டினேன். உங்கள் பெயரும் பதவியும் என் கையெழுத்தும் இருந்தன. அவர் நின்றபடி படித்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இவுக இருந்திருந்தா வாங்கிருப்பாக. நான் என்ன செய்யப் போறேன். நீங்களே வச்சுக்கங்க மேடம்" என்றார்.

வைத்திருக்கிறேன்.