அப்பாவுக்குக் கை இருக்கு

பாப்பாவோட அப்பாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். போன்ல சொல்ல தைரியம் வரல. அதான் எழுதுறேன். கோபப்படாம கடைசிவரைக்கும் படிங்க.

சைகையில பாடம் சொல்லித்தர்ற பள்ளிக்கூடத்துல பாப்பாவைச் சேர்த்துட்டேன். "கையை ஆட்ட விட்டா வாயே திறக்கமாட்டா"ன்னு நீங்க சொன்னது மறக்கல. ஆனா காது கேட்காத பிள்ளை, வயிறு வலிக்குதுன்னுகூட சொல்லத் தெரியாம சுவத்துல முட்டிக்கிட்டு அழுவா. இப்போ சரியான வாயாடி, எல்லாம் கையாலதான். தூக்கத்துலகூட விரல் அசையுது.

நீங்க வீடியோ கால்ல வரும்போது மட்டும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்குவா. நான்தான் அப்படிப் பழக்கியிருக்கேன்.

போன தடவை நீங்க வந்தப்போ, தண்ணி வேணும்னு கையைக் காட்டினாளே, அப்புறம் மணிக்கட்டு வீங்கிப்போச்சே, அதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்ல. அப்போ ரொம்பச் சின்னப் பிள்ளை.

நேத்து நீங்க போனை வெச்சதும் என் முகவாயைத் திருப்பி சைகையில கேட்டா: "அப்பாவுக்குக் கை இல்லையா?"

போன்ல உங்க முகம் மட்டும்தானே தெரியுது! சிரிச்சுட்டு, "இருக்கு"ன்னேன்.

"அப்போ ஏன் என்கூட பேசமாட்டேங்கிறார்?"

எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

அடுத்த வாரம் நீங்க வந்து நின்னதும், அவ முதல்ல உங்க கையைத்தான் பார்ப்பா.

நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பேன்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா