சத்தமில்லாமல் அழச் சொன்ன ஊர்

அக்கா,

இன்று காலை நம் பனியன் கம்பெனியில் கறுப்புத் துணி ரோல் ஒன்றைப் பிரித்தார்கள். சாயம் சரியாக அலசாத துணி. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிங் மாஸ்டர் என்னவோ கேட்டார், எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

உங்கள் இலங்கையில் போர் முற்றிய அந்த மாதங்களில் இங்கேயும் எல்லாம் மாறியது. தேர்தல் நேரம் வேறு. டீக்கடை முதல் பஸ் ஸ்டாண்டு வரை 'தொப்புள்கொடி உறவு' என்று தட்டி வைத்தார்கள். அதே சமயத்தில்தான் அனுப்பர்பாளையத்தில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்றார்கள். அகதி முகாமுக்கு மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடப் போய்க்கொண்டிருந்த உங்களை, வாரம் தவறாமல் வரச் சொன்னார்கள். மேடையில் நீங்கள் ரத்த உறவு, ஸ்டேஷனில் சந்தேகக் கேஸ். கம்பெனிக்கே வந்து, உங்கள் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் பார்க்க விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போரை நிறுத்தச் சொல்லி நடந்த மனிதச் சங்கிலிக்கு நம் முதலாளி கறுப்பு பனியன் இலவசமாகத் தைத்துக் கொடுத்தார். ஓவர்லாக் தையல் முழுக்க அடித்தது நீங்கள்தான். செக்கிங்கில் இருந்த என் கைக்கு ஒவ்வொன்றாக வந்தது. சங்கிலி நம் கேட் முன்னாலேயே நின்றது. நீங்களும் ஒரு பனியனைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். முதலாளி கும்பிடாத குறையாகக் குறுக்கே வந்தார். "நீங்க உள்ளயே இருந்துக்குங்க அம்மிணி. போட்டோக்காரன் வந்திருக்கான். நாளைக்குக் கம்பெனிக்குத்தான் பிரச்சனைங்க." நீங்கள் "ஓம்" என்று மட்டும் சொல்லி, பனியனைக் கழற்றி மடித்து வைத்தீர்கள். நானும் வெளியே போகவில்லை.

போர் முடிந்துவிட்டதாக டிவியில் சொன்ன வாரம், லண்டனிலிருந்து உங்கள் மச்சாள் போன் செய்தார். கிளிநொச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்த உங்கள் தம்பி உயிரோடு இல்லையாம். நீங்கள் ஒருமுறைதான் கத்தினீர்களாம். அதற்குள் வீட்டுக்காரம்மா ஓடி வந்துவிட்டார். "சத்தம் போட்டு அழுவாதீங்க கண்ணு. ஆரு என்னன்னு போலீசு வந்து நிக்கும். எங்களுக்கு ஏனுங்க இந்த வம்பு?" அவர் காம்பவுண்டுச் சுவரில்தான் அத்தனை பெரிய தொப்புள்கொடி போஸ்டர் ஒட்டியிருந்தது.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "பிள்ளை, எனக்கு இஞ்ச அழவும் ஏலாது. நீங்கள் அழுதா ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம். அவனுக்காக ஒருக்கா அழுங்கோவன்."

வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன் அக்கா. முகம்கூடத் தெரியாத மனிதருக்காக. அதில் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். அழுகைச் சத்தம் கேட்டால் எங்கள் வீதியில் பெண்கள் கூப்பிடாமலே வருவார்கள், வந்தார்கள். "ஏனுங்க, ஆரு தவறிப்போனது?" "என் தம்பிங்க" என்றேன். எனக்குக் கூடப் பிறந்தவர் யாருமில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் உங்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை குரலுக்குள் உங்கள் குரல் எது என்று எந்தப் போலீசாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்போதுதான் வாயிலிருந்து முந்தானையை எடுத்தீர்கள். பொழுது சாயும்வரை வாய்விட்டு அழுதீர்கள்.

பிறகு நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள், கையெழுத்துப் போடப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, அந்த முகாமிலேயே. செய்தி கேட்டு ஓடி வந்த என்னை முகாம் வாசலில் காவலுக்கு இருந்தவர் நிறுத்தினார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

"தங்கச்சிங்க."

"அதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

"உள்ள போயி அழுவேனுங்க. இங்க வரைக்கும் கேக்கும். அதையே எழுதிக்குங்க."

அவர் வழிவிட்டார். சொன்னபடியே செய்தேன் அக்கா. அன்றைக்கு எடுத்த குரலை நான் இன்னும் தாழ்த்தவில்லை.