குளிரில் நகர்ந்த சுரம்

இன்று காலை வானொலிப் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர் கம்பிகளைப் பற்றவைக்க ஈயம் உருக்கினார். ஈயத்தோடு உருகும் பிசினின் புகை மூக்கில் ஏறியதும் கூடத்தை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை. உங்கள் சட்டைகளில் எப்போதும் இருந்த வாசனை அது.

அறுபதுகளின் நடுவில், நமக்குக் கல்யாணமான புதிதில், நீங்கள் செய்த வடிகட்டிப் பெட்டி ராக்கெட்டில் பறக்கவிருந்தது. அங்கே ஒரு கருவி ஒரே சுரத்தில் ஒலிக்கும். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சுரத்தை மட்டும் கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் பெட்டியின் வேலை. அருவி இரைச்சலில் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் கொல்லிமலைக்கு வந்து வீடெடுத்துத் தங்கினோம்.

கான்வென்ட் பாட்டு வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்த, ஒரே சுரம் எழுப்பும் இசைக்கவையை நான் தட்ட வேண்டும்; பெட்டியின் ஊசி எழ வேண்டும். மத்தியானம் அருவிக்கரையில் அழகாக எழுந்தது. மறுநாள் விடியற்குளிரில் அசையவே இல்லை.

"சரியாத் தட்டினியா, கண்ணு?"

"எங்க பாட்டு டீச்சரே என்னைக் குத்தம் சொன்னதில்லீங்க. உங்க பொட்டியைப் பாருங்க."

இன்னொரு கணவராக இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும். நீங்களோ பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பருகில் வைத்தீர்கள். சூடேறியதும் என்னைத் தட்டச் சொன்னீர்கள். ஊசி எழுந்தது. குளிரில், உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் மின்சாரம் தேக்கும் அளவு மாறிவிடுகிறது என்று விளக்கினீர்கள். ஒரே சுரம் நுழையும் குறுகிய வாசல் அந்தப் பெட்டி. வாசல் இம்மி நகர்ந்தாலும் சுரம் சுவரில் மோதி நின்றுவிடும்.

வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். "ஏனுங்க, பொட்டிக்கும் கம்பளி போத்தோணுமாட்ட இருக்குதுங்க!"

அன்றே பெட்டியை வாங்கிப்போக உங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். நடந்ததைச் சொன்னீர்கள்.

"நேத்து வேலை செஞ்சுதில்ல? குடுங்க. ராக்கெட் கெளம்பறது கடலோர வெயில்ல, உங்க கொல்லிமலைல இல்ல."

"மேல என்ன குளிரோ, என்ன சூடோ, நமக்குத் தெரியாதுங்களே சார். சுரம் இருந்தும் இல்லைன்னு என் பொட்டி சொன்னா, அது பொய்யில்லீங்களா?"

"அப்ப உங்க எடத்துல வேற பொட்டி போகும்."

"போகட்டுங்க."

போனது. நாளிதழில் வேறொருவர் படம் வந்தது. அதை நிதானமாகப் பார்த்தீர்கள், சாப்பிட்டீர்கள், பிறகு வேலைக்கு உட்கார்ந்தீர்கள். குளிரில் ஒன்றின் அளவு குறைந்தால் மற்றது கூடும்படி கண்டென்சர்களைத் தேடித்தேடி இணை சேர்த்தீர்கள். பின்னொரு ராக்கெட்டில் அந்தப் பெட்டி பறந்தபோது எந்த நாளிதழும் உங்களைத் தேடி வரவில்லை. உங்களுக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

இப்போதும் யாராவது என்னிடம், "நேற்று சரியாகத்தானே இருந்தது" என்றால், "இன்றைக்குப் பாருங்கள்" என்கிறேன். மருமகள் அதைப் பிடிவாதம் என்கிறாள். பாவம், அவள் உங்களைப் பார்த்ததில்லை.