கடமை செய்தவர்

பசறை

அன்புள்ள அம்மாவுக்கு,

கேசினி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி? எண்ணெய் பூசுகிறீர்களா? நான் சுகம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி, அம்மப்பா மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அவரைப் புதைத்த இடத்தைத் தேடினேன். மயானப் பதிவேடு கோயில் தலைவரிடம் இருந்தது. 1971ஆம் ஆண்டுப் பக்கத்தில் அம்மப்பாவின் பெயர். அதற்கு நேரே, "கடமை செய்தவர்: மகன் முத்துவேல், வயது ஐந்து."

ஆண்பிள்ளை இல்லாமல், இறுதிக் கடமை செய்ய ஆளின்றிப் போனாரே என்று நீங்கள் அழுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிழையாக எழுதிவிட்டார்கள் என்றேன்.

"பிழை இல்லீங்க டீச்சர். எங்க அப்பாதான் அந்தப் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுக் குழியச் சுத்துனாரு. முத்துவேலு இப்ப பசறை டவுன்ல தையல் கட வச்சிருக்காரு" என்றார் தலைவர்.

போய்ப் பார்த்தேன். மூக்கு உங்களுடையதேதான். அவருடைய தாய் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவராம். தேத்தண்ணீர் தந்தார். "அக்கா கோவிச்சுக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே குளிர் கூடிவிட்டது. அலுமாரியில் இருக்கும் பச்சை ஸ்வெட்டரை அனுப்புங்கள். பின்னேரங்களில் தனியாகத் தேத்தண்ணீர் குடிக்கப் பிடிப்பதில்லை, பனங்கட்டியும் வையுங்கள். தபால் கந்தோர் மூடமுன் போகவேண்டும்.

எனக்கு ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டி போதும். இரண்டு வந்தால், மற்றது யாருக்கென்று உங்களிடம் கேட்கமாட்டேன்.

மகள்
கேசினி